ரூபாய் விழுந்தால் யார் தலையில் விழுகிறது?

“ரூபாய் விழுந்தது!” என்று கொட்டை எழுத்திலே கூவுகின்றன ஏடுகள். “டாலர் ஏறியது!” என்று அலறுகிறது தொலைக்காட்சிப் பெட்டி. “ஐயகோ, நாட்டின் மானம் போயிற்றே!” என்று மார்பில் அடித்துக்கொள்கிறது ஒரு கூட்டம். “விழவேயில்லை, விழுந்திருந்தாலும் நல்லதற்கே விழுந்தது” என்று விளக்கம் அளிக்கிறது இன்னொரு கூட்டம்.

இத்தனை கூச்சலுக்கும் நடுவே, ஆரணியிலே தறிக்குழியில் கால் வைத்து மிதியை மிதித்துக்கொண்டிருக்கிறானே பட்டு நெசவாளி, அவன் தலை நிமிர்த்திப் பார்ப்பதுகூட இல்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவன் வாங்கும் கூலி ரூபாயில். பட்ட கடன் ரூபாயில். அரிசியும் பருப்பும் பிள்ளையின் படிப்புச் செலவும் ரூபாயில். “எங்கோ மும்பையில் டாலர் ஏறினால் எனக்கென்ன, இறங்கினால் எனக்கென்ன?” என்று எண்ணுகிறான்.

எண்ணிப் பார்த்தால்தான் தெரியும், தோழர்களே! மும்பையில் எழும் சத்தம் மும்பையோடு முடிந்துவிடுவதில்லை. அது பட்டு நூல் கட்டோடு வருகிறது. ஜரிகைக் கட்டோடு வருகிறது. எண்ணெய் லாரியோடு வருகிறது. கடைசியில், கூலி பேசும் நாளிலே, நெசவாளியின் எதிரில் வந்து உட்காருகிறது. வந்து உட்கார்ந்த விருந்தாளி யார் என்று தெரியாமலே நாம் சோறு போட்டுக்கொண்டிருக்கிறோம்!

எனவேதான், ஒரு நாட்டின் நாணயம் ஏன் வலுக்கிறது, ஏன் மெலிகிறது என்ற கணக்கைப் பாட்டாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறேன். வங்கி அதிகாரிக்கும் பங்குச் சந்தைத் தரகருக்கும் மட்டுமே உரிய இரகசியம் அல்ல அது. கூட்டலும் கழித்தலும் தெரிந்தவனுக்கு விளங்காத சூத்திரமும் அல்ல.

மேடைக்கு இனிக்கும் பொய்

முதலில், நம் மேடைகளிலேயே உலவும் ஒரு கதையை ஒழித்துக் கட்டுவோம். “1947-ல் ஒரு ரூபாய்க்கு ஒரு டாலர்! இன்றைக்குப் பார், எங்கே போய்விட்டது!” என்று பேசுகிறார்கள். கேட்க இனிக்கிறது. கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறதே!

1947-ல் ரூபாய் தனியாக நிற்கவில்லை. பிரிட்டிஷ் பவுனோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். அதாவது ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 33 காசு. அந்தப் பவுனுக்கு அன்று 4 டாலர் 3 சென்ட். வகுத்துப் பாருங்கள்: ஒரு டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 31 காசு! 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுனை 2 டாலர் 80 சென்டுக்கு இறக்கியது. வண்டியோடு கட்டிய கன்று வண்டி போகும் வழியில்தானே போக வேண்டும்? ரூபாயும் இறங்கியது, டாலர் 4 ரூபாய் 76 காசு ஆயிற்று. ஒரு டாலருக்கு ஒரு ரூபாய் என்ற பொற்காலம் அந்த நாளில் இருந்ததில்லை.

இன்னொன்று. ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்றால் நாம் தாழ்ந்தவர்கள் என்று பொருளா? 2024 இறுதியில் ஒரு டாலருக்கு நம் நாணயத்தில் 85 ரூபாய். சப்பான் நாணயத்தில் 150 யென்னுக்கும் மேல். அப்படியானால் சப்பான் நம்மைவிட ஏழை நாடா? சிரிப்பார்கள்! எண் பெரிதா சிறிதா என்பது கேள்வியல்ல. நேற்றிருந்த எண் இன்று ஏன் மாறிற்று, மாறியதால் எவனுக்கு இலாபம், எவனுக்கு நட்டம் — இதுதான் கேள்வி.

டாலருக்கும் உண்டு முகூர்த்த மாதம்

பட்டுச் சேலைக்கு எப்போது கிராக்கி? ஆரணித் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தை பிறந்தால் கலியாணம். ஆவணி வந்தால் முகூர்த்தம். கடைக்காரர் தேடி வருவார், “சரக்கு இருக்கிறதா?” என்று. ஆடியிலும் மார்கழியிலும்? சேலை மடிப்புக் கலையாமல் அலமாரியில் தூங்கும். அதே நெசவாளி, அதே பட்டு, அதே உழைப்பு. கேட்பவன் பெருகினால் விலை ஏறும். கேட்பவன் குறைந்தால் விலை இறங்கும்.

டாலரும் அப்படி ஒரு சரக்குதான். அதற்கும் சந்தை உண்டு. கொண்டுவந்து விற்பவர் உண்டு. தேடிவந்து வாங்குபவர் உண்டு. ராகுவும் இல்லை, கேதுவும் இல்லை, சனியும் இல்லை. வாங்குபவர் கூட்டம் பெருத்தால் டாலர் விலை ஏறும். அதைத்தான் ரூபாய் விழுந்தது என்கிறோம். விற்பவர் கூட்டம் பெருத்தால் டாலர் இறங்கும். அதைத்தான் ரூபாய் வலுத்தது என்கிறோம்.

யார் கொண்டுவந்து விற்கிறார்கள்? திருப்பூரில் பனியன் தைத்துக் கப்பலேற்றுகிறவர்கள். நமக்குப் பக்கத்திலே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பதனிட்டுச் செருப்பாக்கி அனுப்புகிறவர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை செய்து கொடுக்கிறவர்கள். வளைகுடா வெயிலிலே வாடி, சிங்கப்பூர்க் கட்டடங்களிலே ஏறி இறங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்களே நம் தமிழ்த் தோழர்கள், அவர்கள்! வெளிநாடுகளில் உழைப்போர் இந்தியாவுக்கு அனுப்பும் பணம் 2022 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலருக்கு மேல். ரூபாயைத் தாங்கிப் பிடிக்கும் தோள்களில் கொத்தனாரின் தோளும் ஒன்று என்பதை எந்த வரவு செலவு உரையாவது சொன்னதுண்டா?

யார் வாங்குகிறார்கள்? முதல் ஆள் எண்ணெய் நிறுவனம். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. அதற்கு டாலர் வேண்டும். அடுத்தவர் தங்க வணிகர். வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் பாதாளத்தில் இறங்கித் தோண்டிய கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆண்டுக்கு 700, 800 டன் என்று தங்கம் வெளியிலிருந்து வருகிறது. பிறகு இயந்திரம், மின்னணுப் பொருள், உரம், சமையல் எண்ணெய். அந்த வரிசையின் கடைசியிலே, சின்னதாக, நம் பட்டு நூல்!

வெளியே விற்பதைவிட வெளியிலிருந்து வாங்குவது மிகுந்தால், டாலருக்கு எப்போதும் முகூர்த்த மாதம்தான். இந்தியாவின் நிலை பெரும்பாலான ஆண்டுகளில் அதுதான்.

ஓடி வரும் பணம், ஓடிப் போகும் பணம்

சரக்கு வாணிபம் மட்டும் அல்ல. வேறொரு பணமும் இருக்கிறது. அது உழுவதில்லை, நெய்வதில்லை. வட்டி எங்கே கூடுதலோ அங்கே பறக்கும். இலாபம் எங்கே மணக்கிறதோ அங்கே இறங்கும். மேகம் கறுத்தால் முதலில் கிளம்புவதும் அதுவே.

2007-ல் அந்தப் பணம் டாலர் டாலராக இந்தியப் பங்குச் சந்தைக்குள் கொட்டியது. 44 ரூபாயாக இருந்த டாலர் 40-க்கும் கீழே இறங்கிற்று. “ரூபாய் வலுத்தது!” என்று டில்லியிலே பூரிப்பு. திருப்பூரிலோ புலம்பல்! ஒரு டாலருக்குச் சட்டை விற்றவனுக்கு 44 ரூபாய் வந்த இடத்தில் 39 ரூபாய் வந்தால், குறைந்த ஐந்து ரூபாயை எங்கே பிடிப்பான்? தையல் இயந்திரத்தின் முன்னே அமர்ந்திருப்பவனிடம்தானே பிடிப்பான்!

2013 மே மாதம். அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பெர்னான்கி, “கடன் பத்திரம் வாங்குவதைக் குறைத்துக் கொள்ளக்கூடும்” என்று ஒரு பேச்சுப் பேசினார். அங்கே வட்டி ஏறும் என்று மோப்பம் பிடித்தது பணம். மூட்டை கட்டிக் கிளம்பியது. 55 ரூபாய்ப் பக்கமிருந்த டாலர், ஆகஸ்டு முடிவதற்குள் 68-ஐத் தாண்டியது. 2022-ல் அமெரிக்கா வட்டியை உண்மையாகவே ஏற்றத் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபரில் டாலர் 82 ரூபாயைத் தாண்டியது. ரூபாய் சரியவில்லை, டாலர்தான் வலுக்கிறது என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அப்போது சொன்னார். கேலி செய்தார்கள் பலர். அதிலே பாதி உண்மை உண்டு: பவுனும் யென்னும் யூரோவும்கூட அந்த ஆண்டு டாலர் முன்னே தாழ்ந்தன. மீதிப் பாதி என்ன? டாலர் வலுத்ததால் ஏறிய விலையை எவன் கொடுத்தான் என்பது! அந்தப் பாதியை யாரும் பேசவில்லை.

விலைவாசியும் ஒரு காரணம். ஒரு சேலை இங்கே 10,000 ரூபாய், டாலர் 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க்காரனுக்கு அது 125 டாலர். ஓர் ஆண்டில் நம் விலைவாசி 100-க்கு 6 ஏறுகிறது. அவன் ஊரில் 2 ஏறுகிறது. நம் சேலை 10,600 ரூபாய். அவன் ஊரில் அதே தரச் சரக்கு 127 டாலர் 50 சென்ட். பழைய கணக்கில் நம் சேலைக்கு 132 டாலர் 50 சென்ட் கொடுக்க வேண்டும், கொடுப்பானா? டாலர் 83 ரூபாய் ஆனால்தான் நம் சரக்கு அவன் கைக்கு எட்டும். ஆண்டுக்கு ஆண்டு இப்படியே நடந்தால் ரூபாய் மெல்ல மெல்லத் தேயும். உள்ளூரில் விலைவாசியைக் கட்டத் தெரியாதவன், வெளியூரில் நாணயத்தின் மதிப்பைக் கட்ட முடியாது.

நம்பிக்கை என்று ஒன்றும் உண்டு. 1991-ல் இந்தியாவின் கையிலிருந்த அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. “இவர்களால் கடனைக் கட்ட முடியாது” என்ற பேச்சு எழுந்தது. பிறகு யார் கொடுப்பான்? அந்த ஜூலையில் ஏறக்குறைய 47 டன் தங்கம் விமானமேறிப் பாங்க் ஆப் இங்கிலாந்துக்கு அடகு போனது. ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டே படிகளில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் ஏறக்குறைய 26 ஆயிற்று. வீட்டு நகையை அடகு வைத்தவனுக்குத் தெரியும் அந்த வேதனை! அதே நாட்டின் கையிருப்பு 2021-ல் 60,000 கோடி டாலரைத் தாண்டியது. கையிருப்பு இருப்பதால்தான், ரூபாய் தடுமாறும்போது ரிசர்வ் வங்கி டாலரை விற்று அதன் வேகத்தைக் குறைக்க முடிகிறது. வேகத்தைக் குறைக்கலாம்; ஆற்றைத் திருப்பி மலைக்கு ஏற்ற முடியாது.

வலுத்த ரூபாயால் வாழ்ந்தவர் யார்?

“அப்படியானால் ரூபாய் வலுத்துக்கொண்டே போனால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். வரலாற்றைப் புரட்டுவோம்.

1926-ல் ஹில்டன் யங் குழு அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. போருக்கு முன்பு 16 பென்ஸ் பெற்ற ரூபாய், இனி 18 பென்ஸ் பெறும் என்றார்கள். ஆகா, ரூபாய் வலுத்தது! ஆங்கிலேயன் நமக்கு அளித்த பரிசா அது?

16 பென்ஸ் கணக்கில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். 18 பென்ஸ் கணக்கில் ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 33 காசு. இங்கிருந்து பருத்தி அனுப்பியவன் ஒரு பவுன் சரக்குக்கு 15 ரூபாய் பெற்ற இடத்தில் 13 சொச்சம் பெற்றான். லங்காஷயரிலிருந்து வந்த துணியோ 15 ரூபாய்க்கு விற்ற இடத்தில் 13 சொச்சத்துக்கு விற்றது; கைத்தறித் துணியின் கழுத்தை நெரித்தது. இந்திய சர்க்கார் இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டிய வட்டிக்கும் ஓய்வூதியத்துக்கும் குறைந்த ரூபாய் போதுமானதாயிற்று. குழுவிலே இருந்த புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார். யார் கேட்டது? இரண்டே இரண்டு பென்ஸ்! அதிலே உழவனும் நெசவாளியும் ஒரு பக்கம். லங்காஷயரும் வெள்ளை சர்க்காரும் மறு பக்கம்.

ரூபாய் வலுத்தால் நாடு வலுத்தது என்று பாடுவோருக்கு இந்தப் பழைய கணக்கைக் காட்டுங்கள்.

ஒரே இரவில் குறைந்தது 1966-ல்

இனி மெலிந்த கதை. 1962-ல் சீனாவோடு போர். 1965-ல் பாகிஸ்தானோடு போர். அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அந்த ஆண்டே மழை பொய்த்தது. விலைவாசி ஏறியது, டாலர் கையிருப்பு கரைந்தது. உதவி வேண்டுமா, ரூபாயை இறக்கு என்று நெருக்கின உலக வங்கியும் சர்வதேச நிதியமும். 1966 ஜூன் 6 முதல் 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. பிரதமர் இந்திரா காந்தி. நிதியமைச்சர் சச்சின் சௌத்ரி. காங்கிரசின் அகில இந்தியத் தலைவராக இருந்த காமராசருக்கே அந்த முடிவில் உடன்பாடு இல்லை!

“100-க்கு 36 அரைதான் குறைத்தோம்” என்றார்கள். கவனியுங்கள் தோழர்களே, கணக்கின் சூட்சுமத்தை! ரூபாயின் பக்கம் நின்று பார்த்தால் 36 அரை. டாலர் வாங்க நிற்கிறவன் பக்கம் போய்ப் பாருங்கள்: 4.76 கொடுத்தவன் 7.50 கொடுக்கிறான், 100-க்கு 57 அரை கூடுதல்! ஒரே வெட்டு, அரசு படிப்பது சின்ன எண்ணை, மக்கள் கொடுப்பது பெரிய எண்ணை.

நாணயத்தை இறக்கினால் நம் சரக்கு வெளியூரில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும் என்பது பாடப் புத்தகம். அதில் பொய்யில்லை. ஆனால் விற்கச் சரக்கு வேண்டுமே! அந்த 1966-லும் மழை பொய்த்தது. இறக்கிய கையோடு சணல், தேயிலை போன்றவற்றுக்கு ஏற்றுமதி வரி போட்டார்கள். ஏற்றுமதி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, விலைவாசி ஏறியது. மருந்தைக் கொடுத்துவிட்டுப் பத்தியத்தை மறந்த கதை!

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

“அப்படியானால் ரூபாயை இறக்கவே கூடாது, இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும்” என்று சிலர் பேசலாம். இழுத்துப் பிடித்த இலங்கையைப் பாருங்கள்.

2019-ல் வரிகளைக் குறைத்து வரவை இழந்தது அந்த அரசு. கொரோனாவால் சுற்றுலா படுத்தது. 2021-ல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு விளைச்சலை வீழ்த்திக் கொண்டது. வெளியிலிருந்து வரும் டாலர் வற்றியது. அப்போதும், “ஒரு டாலருக்கு 200 ரூபாய்தான்” என்று சட்டம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் உழைத்தவன் என்ன செய்தான்? வங்கிக்கு அனுப்பினால் 200. உண்டியல்காரனிடம் கொடுத்தால் அதற்கும் மேல். பணம் உண்டியல் வழியே ஓடியது, வங்கி காய்ந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்துக்குள் டாலர் 360 ரூபாய்! ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும் அனுப்பத் தீர்மானம் நிறைவேறியது. மே 18-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? இறக்குமதியைச் சுருக்கினார்கள். கடன் தவணை நின்றது. சுற்றுலாப் பயணி திரும்பினான். உண்டியலை விட்டு வங்கிக்கு வந்தது உழைப்பாளியின் பணம். 2024 இறுதியில் டாலர் 300 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. வலுத்தது இலங்கை ரூபாய்! ஆனால் இடையிலே பட்டினி கிடந்தவன் அந்த வலிமையை எந்தக் கடையில் மாற்றுவான்?

இழுத்துப் பிடிப்பதும் வழியல்ல, கைவிடுவதும் வழியல்ல. விழும்போது எவன் தோளில் சுமை ஏற்றப்படுகிறது என்று பார்த்து, அந்தச் சுமையைப் பங்கிடுவதுதான் ஆளத் தெரிந்தவனின் வேலை.

ஆரணிக் கணக்கு

இனி நம் ஊருக்கு வருவோம். ஆரணிக்குப் பெயர் தந்தவை இரண்டு: பட்டும் அரிசியும். ஒரே ஊர், ஆனால் ரூபாய் விழும்போது இரண்டுக்கும் ஒரே விதி இல்லை!

நெல் இங்கே விளைகிறது, இங்கேயே அரைக்கப்படுகிறது. அந்த அரிசி கப்பலேறினால், ரூபாய் விழ விழ வணிகனுக்கு டாலருக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். பட்டோ தலைகீழ். சேலையை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டுப் பெண்களும் பக்கத்து மாநிலப் பெண்களும். அவர்கள் கொடுப்பது ரூபாய். நூலும் ஜரிகையுமோ டாலரின் நிழலிலே கிடக்கின்றன. விற்பது ரூபாயில், வாங்குவது டாலர் விலையில் — இதுதான் பட்டுத் தறியின் இக்கட்டு.

ஒரு கணக்குப் போடுவோம். சீனப் பட்டு நூல் கிலோ 50 டாலர் என்று, கணக்குக்காக, வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் டாலர் ஏறக்குறைய 65 ரூபாய். கிலோ 3,250 ரூபாய். 2024 இறுதியில் 85 ரூபாய். அதே கிலோ 4,250 ரூபாய். சீனாக்காரன் ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. நமக்கு 1,000 ரூபாய் ஏறிவிட்டது! இதோடு முடிந்ததா? பட்டு நூலுக்கான சுங்க வரியை 2021 வரவு செலவுத் திட்டம் 100-க்கு 10-லிருந்து 15 ஆக்கியது. 15 என்ற கணக்கில், 3,250-க்கு வரி 487 ரூபாய் 50 காசு. 4,250-க்கு 637 ரூபாய் 50 காசு. வரி விகிதம் மாறாமலே சர்க்காருக்குக் கிலோவுக்கு 150 ரூபாய் கூடுதல் வரவு! ரூபாய் விழுந்தது, விழுந்த இடத்திலே சர்க்கார் காசு பொறுக்கியது. சேலைக்கு அரைக் கிலோ நூல் என்று வைத்தால், நூலில் மட்டும் சேலைக்கு 575 ரூபாய் ஏற்றம்.

“நமக்குச் சீனப் பட்டு எதற்கு? கர்நாடகப் பட்டு இருக்கிறதே!” எனலாம். இருக்கிறது. ஆனால் சீனப் பட்டு விலையேறினால் ராமநகரத்திலும் சித்லகட்டாவிலும் நூல் விலை சும்மா இருக்குமா? பக்கத்துக் கடை ஏற்றினால் இந்தக் கடையும் ஏற்றும். ஜரிகை? வெள்ளிக் கம்பிக்குத் தங்க முலாம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் உலக விலை டாலரில்.

எல்லாம் ஏறியாயிற்று. கடைசியில் கூலி. அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா?

“முதலாளி, கூலியைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க. கட்டுப்படியாகல.”

“எங்கப்பா ஏத்தறது? பட்டு விலை கேட்டியா? ஜரிகை விலை கேட்டியா? எல்லாம் டாலரு பண்ற வேலைப்பா!”

சரி, டாலர் இறங்குகிறது. நூல் விலையும் இறங்குகிறது. மறுபடி போய்க் கேட்டால்?

“சரக்கு தேங்கிக் கெடக்குதேப்பா! ஆடி போவட்டும், பார்க்கலாம்.”

ஏறினாலும் ஏறாது, இறங்கினாலும் ஏறாது — அதற்குப் பெயர்தான் நெசவுக் கூலி! முதலாளி கொடியவர் என்பதல்ல. அவரும் கடைக்காரரின் தவணைக்குக் காத்திருப்பவர்தான். நூல்காரன் கடன் சொன்னால் விடமாட்டான். ஜரிகைக்காரன் விடமாட்டான். வங்கி விடவே விடாது. விட்டுக் கொடுக்கக்கூடிய ஆள் என்று மிஞ்சுபவர்கள் தறியில் இருப்பவனும், தார் சுற்றிக் கொடுக்கும் அவன் வீட்டுப் பெண்ணும்தான். பள்ளம் எங்கேயோ அங்கேதானே தண்ணீர் நிற்கும்?

உழைப்பாளிக்கு எதிரி உழைப்பாளி அல்ல

“அப்படியானால் பட்டு நூலுக்கு வரியே வேண்டாம், சீனப் பட்டு தாராளமாக வரட்டும்” என்று உடனே முழக்கமிட்டுவிடாதீர்கள். 2011-ல் அப்படி ஒரு முடிவு எடுத்தார்கள். 100-க்கு 30 ஆக இருந்த வரியை 5 ஆக வெட்டினார்கள். நெசவாளிக்கு மூச்சு வந்தது. கர்நாடகத்திலே முசுக்கொட்டை இலை பறித்துப் புழு வளர்த்தவன் கூட்டு விலை சரிந்து தெருவுக்கு வந்து போராடினான். 2013-ல் வரியை மீண்டும் 15 ஆக்கினார்கள். இங்கே ஏற்றினால் நெசவாளி அழுகிறான். அங்கே இறக்கினால் புழு வளர்ப்பவன் அழுகிறான். இருவருமே வியர்வை சிந்துகிறவர்கள். ஒருவன் கண்ணீரைத் துடைக்க மற்றவன் துண்டைப் பறிப்பதா ஆட்சி?

வழி இருக்கிறது. ரூபாய் விழுந்ததால் சுங்க வரியில் சர்க்காருக்குத் தானாக வந்து சேரும் கூடுதல் காசு இருக்கிறதே, அது எவன் உழைப்பு? அதைத் திருப்பிக் கொடு என்று கேட்போம். அதிலிருந்து புழு வளர்ப்பவனுக்கு அடிப்படை விலை. நெசவாளிக்கு நூல் மானியம். நூல் மலிந்திருக்கும் மாதத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் வாங்கிச் சேர்த்து வைத்து, விலை துள்ளும் மாதத்தில் பழைய விலைக்குத் தரட்டும். களஞ்சியத்தில் நெல் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு நூல் சேர்க்கத் தெரியாதா? கூலி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேரட்டும்: நூலும் ஜரிகையும் எத்தனை விழுக்காடு ஏறினாலும், விலைவாசிக்கு ஏற்ற கூலி உயர்வு தனியாக உண்டு, நூல் விலையைச் சாக்காகக் காட்டி அதை மறுக்கக் கூடாது.

இவை விண்ணைக் கிழிக்கும் கோரிக்கைகள் அல்ல. எண்ணெய் நிறுவனம் டாலர் ஏறினால் விலையை ஏற்றிக் கொள்கிறது. ஏற்றுமதி முதலாளி டாலரை முன்கூட்டியே பேசி விற்று, வரக்கூடிய நட்டத்துக்கு வேலி கட்டிக் கொள்கிறார். வேலியில்லாமல் வெளியிலே நிற்பவன் கூலிக்காரன் மட்டும்தான். அவனுக்கும் ஒரு வேலி கேட்கிறோம்.

ஆகவே தோழர்களே, இனி “ரூபாய் விழுந்தது” என்று யாராவது மேடையில் மானத்தைப் பற்றி முழங்கினால், கூட்டத்திலிருந்து எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். எதனால் விழுந்தது — எண்ணெயாலா, ஓடிப்போன பணத்தாலா, உள்ளூர் விலைவாசியாலா? விழுந்ததில் எவனுக்கு வரவு? எவனுக்குச் செலவு? இந்த மூன்றுக்கும் விடை சொல்பவர் நிதி அமைச்சராக இருந்தாலும் சரி, நம் கழகப் பேச்சாளராக இருந்தாலும் சரி, உட்கார்ந்து கேட்போம். விடை சொல்லாமல் வீரம் மட்டும் பேசினால், சோடாவைக் கொடுத்து அனுப்பி வைப்போம்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னே கூலி பேச உட்காருவீர்கள். அன்று, பட்டு விலை என்ன என்று அவர்கள் சொல்லட்டும். சென்ற ஆண்டு டாலர் என்ன, இந்த ஆண்டு என்ன, அதில் எங்கள் கூலி எங்கே என்று நீங்கள் கேளுங்கள். கணக்கு தெரிந்தவனிடம் சாக்கு செல்லாது!